என் ஈரலில் அழற்சி இருந்த வருஷம்

எனக்கு விலாவில் கூச்சம் அதிகம். வீட்டுக்குள் மட்டும் தெரிந்திருந்த இந்த விஷயம் ஒரே காலையில் கம்பெனி முழுக்கத் தெரிந்துபோனது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. கம்பியை வெட்டி, வளைத்து, மெஷினில் மாட்டி இழுத்து, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகியிருக்கவில்லை. அதில் பெரிய சோகம் ஒன்றும் கிடையாது. இரண்டு இடத்தில் பேச்சு வந்து நின்றது, பிறகு கேட்பவர்களே களைத்துப்போனார்கள். புதுவாயலில் அண்ணன் வீட்டு மாடியில் ஒரு அறை, கம்பெனி பஸ், கேன்டீன் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கம். நன்றாகத்தான் இருந்தேன்.

வருஷா வருஷம் எங்களுக்கு உடம்புப் பரிசோதனை நடக்கும். ரத்தம் எடுப்பார்கள், காது கேட்கிறதா என்று பார்ப்பார்கள், குழாயில் ஊதச் சொல்வார்கள். அந்த வருஷம் புதிதாக ஒரு ஸ்கேன் வண்டியும் வந்து ஸ்டோர்ஸ் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றது. முதலில் பெண்களை அனுப்பினார்கள். என்னைப் படுக்க வைத்து, வலது விலாவுக்குக் கீழே ஜில்லென்று ஜெல்லைத் தடவி, அந்தப் பெண் கருவியை வைத்து அழுத்தியதுதான் தாமதம், சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்த மூச்செல்லாம் சிரிப்பாக வெடித்தது.

"மேடம், நீங்க சிரிச்சா ஈரலும் சேந்து ஆடுது. எனக்குப் படம் நிக்க மாட்டேங்குது" என்றார் அவர், பொறுமையாக.

என் ஈரல் உள்ளே நின்று ஆடுவதை நினைத்ததும் நிலைமை இன்னும் மோசமானது. எப்படியோ எடுத்து முடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே இறங்கினால், ஆண்கள் வரிசையில் முதலில் நின்றவரும் சிரித்துக்கொண்டிருந்தார், காரணமே தெரியாமல். ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். கம்பிக் கட்டுகளைத் தூக்கிவந்து எங்கள் லேப் வாசலில் இறக்குவது அவர்தான். பொதட்டூர்பேட்டைக்காரர், பெரிய தொப்பை, கறுப்பு மீசை. எங்கள் கம்பெனியில் பெண்கள் எல்லா ஆண்களையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம், அது ஒரு பாதுகாப்பு. அவரும் எனக்குப் பல வருஷமாக அண்ணாதான். நான் அவருக்கு மேடம்.

"உள்ள இன்னா மேடம் பண்றாங்க?" என்று கேட்டார்.

"போய்ப் பாருங்கண்ணா" என்றேன்.

போனார். கொஞ்ச நேரத்தில் வண்டியே குலுங்கியது. அவருக்கு என்னைவிடக் கூச்சம் அதிகம் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஷெட்டில் இருந்த எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த வாரம் மருத்துவ அறையிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டு அனுப்பினார்கள். டாக்டர் அம்மா வாரத்தில் சில நாள் மட்டும் வருவார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்துப் பேசுகிறவர். இரண்டு பேருக்கும் ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்றார். நான் உடனே, குடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது டாக்டர் என்றேன். பக்கத்து நாற்காலியிலிருந்து அவரும் அதையே சொன்னார். நான் சொன்னதைவிடச் சத்தமாக. குடிக்காதவர்களுக்கும் இது வரும், இப்போது நிறையப் பேருக்கு வருகிறது என்று டாக்டர் சமாதானம் செய்தார்.

அதுவரை நாங்கள் சமமாக இருந்தோம். அதற்கப்புறம்தான் வித்தியாசம் வந்தது.

"ஸ்கேன்ல பாத்தா இவருக்குத்தான் கொழுப்பு அதிகம். ஆனா ரத்தத்துல ஈரல் சம்பந்தப்பட்டதெல்லாம் சரியா இருக்கு. அது பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கு. உங்களுக்குக் கொழுப்பு கம்மி. ஆனா ரத்தத்துல ஈரல் அளவு ஏறியிருக்கு, அழற்சி ஆரம்பிச்ச மாதிரி தெரியுது" என்றார் டாக்டர்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நோய் வந்ததற்கு அல்ல, நியாயம் இல்லாததற்கு. "டாக்டர், அவரையும் பாருங்க, என்னையும் பாருங்க" என்றேன். டாக்டர் உண்மையிலேயே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபோர்க்லிஃப்ட்காரர் தன் தொப்பையைக் கைகளால் மறைக்கப் பார்த்தார், மறைக்கிற அளவுக்கு அவர் கை பெரிதாக இல்லை.

டாக்டர் விளக்கிச் சொன்னதை நான் இன்றைக்கும் யார் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஈரலில் கொழுப்பு சேர்வது ஒரு கட்டம். நிறையப் பேருக்கு அது அந்த இடத்திலேயே நின்றுவிடும். சிலருக்கு மட்டும், அளவுக்கு மேல் கொழுப்பு அடைத்த செல்கள் தாங்க முடியாமல் திணறி, உதவி கேட்டு உடம்புக்குச் சேதி அனுப்பும். கிருமிதான் வந்துவிட்டது என்று நினைத்துக் காவல் செல்கள் ஓடி வரும். வந்து பார்த்தால் கிருமி இல்லை. ஆனாலும் அவை திரும்பிப் போகாது. அங்கேயே நின்று, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் சரக்கையெல்லாம் நம் ஈரல் மேலேயே கொட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர்தான் அழற்சி. அடிபட்ட இடத்தில் தழும்பு விழுகிற மாதிரி ஈரலுக்குள்ளும் தழும்பு விழும். தழும்பு கூடக்கூட ஈரல் இறுகும். முழுக்க இறுகிவிட்டால் பெரிய ஆபத்து.

"ஆரம்பத்துலயே பாத்துட்டா திருப்பிடலாம். கொழுப்பைக் குறைச்சா அந்தச் சேதி போறது நிக்கும், காவல்காரங்களும் கிளம்பிடுவாங்க" என்றார்.

அவருக்கு ஏன் இல்லை, எனக்கு ஏன் என்று மறுபடியும் கேட்டேன். பிறவியிலேயே வருவது, சர்க்கரை, ஷிஃப்ட் மாறி மாறித் தூக்கம் கெடுவது என்று பல காரணம் உண்டு, யாருக்கு எது என்று அப்படியே பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. காமாலைக் கிருமிக்கான சோதனைகளையும் செய்து பார்த்து, அது இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஈரல் இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் தனி ஸ்கேன் ஒன்று திருவள்ளூரில் இருக்கிறது, போய் எடுத்து வரச் சொன்னார்.

வீட்டில் சொன்னபோது ரகளை ஆனது. எங்கள் வீட்டில் குடிக்கிறவர் அண்ணன் ஒருவர்தான், அதுவும் சனிக்கிழமை மட்டும். ஈரல் நோய் என்றால் தனக்கு வர வேண்டியது என்று அவர் நினைத்திருந்தார் போல. தன்னுடையதை யாரோ தூக்கிக்கொண்டு போன மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சனிக்கிழமை அவர் குடிக்கவில்லை. அண்ணி எங்கிருந்தோ கீழாநெல்லியைப் பிடுங்கிவந்து அம்மியில் அரைத்துவிட்டார். இது காமாலை இல்லை அண்ணி என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் டாக்டரிடமே போனில் பேச வைத்தேன். தெரியாத மருந்து எதையும் இப்போது ஈரலுக்குக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும், அரைத்ததை அண்ணி ரோஜாச் செடிக்கு ஊற்றினார்.

திருவள்ளூர் போகிற நாளில் புதுவாயல் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். பெரியபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது பக்கத்தில் வந்து நின்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய்.

"டாக்டரம்மா எனக்கும் எடுத்துக்கச் சொன்னாங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "சொல்லல. நானாதான் கேட்டு எழுதி வாங்கினேன். தனியா போறீங்களேன்னு" என்றார்.

நாஷ்டா ஆச்சா என்று கேட்டுவைத்தேன். வெறும் வயிறுதான் என்று அவர் சொன்ன பிறகுதான் நான் கேட்டதன் அசட்டுத்தனம் உறைத்தது.

பெரியபாளையத்தில் பஸ் மாறினோம். வழியெல்லாம் கடைகளில் பூரி பொரிந்துகொண்டிருந்தது, வடை மிதந்துகொண்டிருந்தது. பசியில் எனக்குத் தலை லேசாகிவிட்டது. பசிதான் என்று நம்பிக்கொண்டேன். ஜன்னலோர இருக்கையில் நான், கம்பியைப் பிடித்தபடி அவர். தன் மனைவி கல்யாணமான இரண்டாவது வருஷமே காய்ச்சலில் போய்விட்டதையும், பிறகு ஊரில் இருக்கப் பிடிக்காமல் இங்கே வேலைக்கு வந்ததையும், தனியாகச் சமைக்கச் சோம்பல்பட்டு இத்தனை வருஷம் பரோட்டாவிலேயே காலம் தள்ளியதையும் சொன்னார். யாரிடமும் பரிதாபம் கேட்காத குரல். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். நடுவில் எதற்கோ அவரைக் கூப்பிட வாயெடுத்தபோது அண்ணா என்ற வார்த்தை வெளியே வரவில்லை. "இங்க பாருங்க" என்று ஆரம்பித்தேன். அவர் சட்டென்று என்னைப் பார்த்தார். கவனித்துவிட்டார் என்று தெரிந்தது. இரண்டு பேரும் வெளியே வயலைப் பார்த்தோம்.

ஸ்கேன் நிலையத்தில் இந்தத் தடவை கூச்சம் காட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தேன். விலாவுக்கு நடுவில் கருவியை வைத்து, விரலால் சுண்டுகிற மாதிரித் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. உள்ளே இறுகியிருந்தால் என்ன செய்வது, யாருக்கு என்னவென்று சொல்வது என்றெல்லாம் ஓடியது. கம்பி எவ்வளவு தாங்கும் என்று தினமும் சொல்கிறவளுக்கு, தன் ஈரல் எவ்வளவு தாங்கும் என்று இன்னொருத்தர் வந்து சொல்லும்வரை படுத்தே இருப்பது கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது, தழும்பு என்று சொல்கிற அளவுக்கு எதுவும் இல்லை என்றார்கள். அவருக்கு அதுவும் இல்லை.

வெளியே வந்ததும் எனக்குக் கால் தரையில் படவில்லை. கோயில் குளத்துப் பக்கம் நடந்து போய், உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட வெள்ளரிக்காய் வாங்கித் தின்றோம். அன்றைக்குப் பசிக்கு அப்படி ஒரு ருசி. அவர் இன்னொன்று வாங்கினார், நான் இன்னொன்று வாங்கினேன், பிறகு ஆளுக்கொரு கொய்யா. வெயிலில் நின்றுகொண்டு, வேலையே இல்லாதவர்கள் மாதிரி, எதிரே பூக்கடைக்காரரும் தண்ணீர் கேன் வண்டிக்காரரும் போடும் சண்டையை முழுக்கப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம்.

டாக்டர் சொன்ன வைத்தியம் எளிமையானது, செய்வதுதான் கஷ்டம். சர்க்கரை போட்ட டீயும் பாட்டில் ஜூஸும் வேண்டாம். சோற்றைக் குறைத்து, காயும் பருப்பும் முட்டையும் கூட்ட வேண்டும். தினமும் வேர்க்கிற மாதிரி நடக்க வேண்டும். பட்டினி கிடந்து அவசரமாக எடையைக் குறைக்கக் கூடாது, மெதுவாகத்தான் குறைய வேண்டும். முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் புதுவாயலில் இறங்கியதும், ஹைவே ஓரத்து சர்வீஸ் ரோட்டில் நான் நடக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நாளில் அவரும் வந்து சேர்ந்துகொண்டார். டிரெய்லர் லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. பக்கத்தில் வந்துதான் பேச வேண்டியிருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் குறை சொல்லவில்லை.

இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் புதுவாயலில் சும்மா விடுவார்களா? விஷயம் அண்ணன் காதுக்குப் போனது. ஒருநாள் மாலை பைக்கை ஓரத்தில் நிறுத்திவிட்டு எங்கள் எதிரே வந்து நின்றார். அண்ணன் அவரிடம், இன்னா நடக்குது என்று கேட்டார்.

"நடக்கிறோம்" என்றார் அவர். கிண்டல் இல்லை, பயத்தில் வந்த பதில். "ரெண்டு பேருக்கும் ஈரல்ல கொழுப்பு. டாக்டரம்மா நடக்கச் சொல்லிட்டாங்க."

அண்ணனுக்கு எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. டாக்டர் சொன்னதை எதிர்த்து எப்படிச் சண்டை போடுவது? பிறகு கூடவே நடந்து வந்தார். அவர் வயிறும் சின்னதில்லை. ஆற்றுப் பாலம் வருவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ஃபோர்க்லிஃப்ட்காரர் வேகத்தைக் குறைத்து அவருக்காக நின்று நின்று நடந்தார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் பைக் மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் பின்னால் தனியாக வந்துகொண்டிருந்தேன். வீட்டில் அண்ணியிடம் அண்ணன், நல்ல மனுஷன்தான், இவளைவிட மெதுவா நடக்கிறான் என்று சொன்னாராம்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மறுபடியும் இரண்டு பேரும் அதே நாற்காலிகளில். என் அளவு நன்றாக இறங்கியிருந்தது. அழற்சி அடங்கிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். நான் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். டாக்டர் கை காட்டி உட்காரச் சொன்னார்.

"ஆனா இப்ப இவருக்கு ஏறியிருக்கு."

எனக்குப் புரியவில்லை. தினமும் என்னோடு நடந்தவர். டீயை விட்டவர். பரோட்டா பக்கம் போகாதவர். டாக்டருக்கும் புரியவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். அவர் தரையைப் பார்த்தபடி இல்லை இல்லை என்று தலையாட்டினார். கேன்டீன் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது மட்டும் தலை ஆடவில்லை.

எங்கள் கேன்டீனில் பாயசம், கேசரி, குலாப் ஜாமூன் என்று ஏதாவது ஒன்று அடிக்கடி சின்னக் கப்பில் வரும். எனக்கு இனிப்பு என்றால் உயிர். என் கப்பைப் பார்த்து நான் ஏங்கிப்போய்விடக் கூடாது என்று, நான் தண்ணீர் பிடிக்கப் போகிற நேரத்தில், எதிரே உட்கார்ந்து சாப்பிடும் அவர் அதை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். யாருக்காவது கொடுத்துவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். கொடுக்கவில்லை, அவரே சாப்பிட்டிருக்கிறார். தன்னுடையதையும் என்னுடையதையும், இத்தனை மாதமும்.

"கீழ கொட்ட மனசு வரல டாக்டர். அவங்களோடது" என்றார்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் முகம் சூடாகி, காது சூடாகி, இவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல், யோசிக்காமலே பேசிவிட்டேன்.

"இனிமே ரெண்டு பேர் சாப்பாட்டையும் நானே பாத்துக்கிறேன் டாக்டர். மூணு வேளையும்."

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கே விளங்கியது. மூன்று வேளை என்றால் காலையும் உண்டு, ராத்திரியும் உண்டு. அவர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "அப்ப அடுத்த டெஸ்ட்டுக்கும் ஒண்ணாவே வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து லேப் வாசல் வரை என் கூடவே நடந்து வந்தார். வாசலில் நின்று, "மூணு வேளைன்னா நெசமாதானா?" என்று கேட்டார். நெசம்தான் என்றேன். அவர் திரும்பி நடந்தபோது ஃபோர்க்லிஃப்ட்டைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு நினைவு வந்து திரும்பி வந்து ஏறினார்.

அண்ணனே பொதட்டூர்பேட்டை போய் அவருடைய அண்ணனைப் பார்த்துப் பேசி முடித்தார். திருப்பாச்சூர் கோயிலில் கல்யாணம். எங்கள் அம்மா வழி உறவெல்லாம் அந்த ஊரில்தான். இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று கேட்க நினைத்து வந்தவர்கள்கூடப் பந்தியைப் பார்த்ததும் மறந்துவிட்டார்கள். இனிப்பு வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன், அண்ணன் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு ஜாங்கிரி இல்லாமலா என்று சண்டை பிடித்தார். எங்கள் இரண்டு இலைக்கு மட்டும் சுண்டலை வைக்க வைத்தேன். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் சர்க்கரை வியாதி என்று பந்தி முழுக்கப் பேச்சு பரவியது. வந்து விசாரித்தவர்களிடம் அவர் உட்கார்ந்தபடியே ஈரல், கொழுப்பு, அழற்சி என்று டாக்டர் சொன்ன அதே வரிசையில் விளக்கிக்கொண்டிருந்தார். தாலி கட்டின கை இன்னும் மஞ்சளாக இருந்தது.

அதற்கப்புறம் அவருடைய அளவு இறங்க ஒரு வருஷம் பிடித்தது. என்னைவிட நேரம் எடுத்துக்கொண்டது. ஸ்கேனில் இரண்டு பேருக்கும் கொழுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அழற்சிக்கான அடையாளம் இப்போதைக்கு இல்லை. விட்டுவிட்டால் திரும்பி வரும், அதனால் விடாதீர்கள் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். எங்களுக்கும் விடுகிற எண்ணம் இல்லை. இப்போது புதுவாயலிலேயே தனி ஊடு பார்த்து வந்துவிட்டோம். காலையில் கேழ்வரகு தோசை அவர் பொறுப்பு. முதலில் சுட்டதெல்லாம் சப்பாத்தி மாதிரியும் இல்லாமல் தோசை மாதிரியும் இல்லாமல் பேஜாரு பிடித்த வடிவத்தில் வந்தது. இப்போது ஓரம் முறுகுகிறது.

போன மழைக்கு ஆரணியாற்றில் தண்ணீர் வந்தது. வேலை முடிந்து நடக்கப் போனால் பாலத்தில் பைக்கை நிறுத்திவிட்டு ஜனங்கள் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செம்மண் கலரில் தண்ணீர், நடுவில் ஒரு தென்னை மட்டை சுற்றிச் சுற்றிப் போனது. நாங்களும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றோம். வழக்கமாக அங்கிருந்துதான் திரும்புவோம். அன்றைக்கு அவர், "கவரைப்பேட்டை வரைக்கும் போலாமா?" என்றார். மழை மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. போகலாம் என்றேன். போனோம்.